பஞ்சுவுக்குப் போட்ட புல்

வெட்டிய புல்லைப் பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, ஒரு நாள் விட்டுவைத்து, பிறகு உள்ளே கைவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுடும். மூடிவைத்த மாவு மிஞ்சிப் புளித்ததைப் போல ஒரு நெடி முகத்தில் அடிக்கும். பத்து வயதில் அந்தச் சூட்டை நான் தொட்டிருக்கிறேன். தொட்ட பிறகும் அதே புல்லைக் கூண்டுக்குள் போட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய சாதனை எதுவும் என் இளமைக்காலத்தில் கிடையாது.

கூண்டு இருந்தது சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில், எங்கள் ஏழாவது மாடி நடைபாதையில். உள்ளே பஞ்சு என்ற வெள்ளைக் கினிப்பன்றி. அது என் அக்கா மாலதிக்கும் பக்கத்து வீட்டுச் சாந்திக்கும் கூட்டுச் சொத்து. இருவருக்கும் பன்னிரண்டு வயது, ஒரே வகுப்பு, ஒரே மாதிரி இரட்டைச் சடை, இருவருக்குமாக எப்போதும் ஏதோ ஒரு ரகசியம். அந்த ரகசியத்தில் எனக்குப் பங்கில்லை என்பதால் எனக்குப் பஞ்சுவைப் பிடிக்காது. என் விரலை இரண்டு முறை கடித்திருந்தபடியால் அதற்கும் என்னைப் பிடிக்காது என்றே கொள்ளலாம். அப்பாவோ அதை "வாலில்லாத எலி" என்பதோடு சரி.

தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் அவர்கள் இருவரும் கீழே இறங்கி, நாய்கள் காலைத் தூக்காத இடமாகப் பார்த்து, ஆளுக்கொரு கைப்பிடி புல் பறித்து வருவார்கள். பள்ளியில் "கேம்ப்" வந்தபோது இரண்டு நாள் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஒழுங்கா கையால பறிச்சுப் போடு, சோம்பேறி" என்றாள் அக்கா. சோம்பேறி என்றது உண்மை. ஆனால் சொல்லியிருக்கக் கூடாது. அன்றுதான் புல்வெட்டும் ஊழியர்கள் வந்து, இயந்திரத்தால் வெட்டியதைக் கீழே குவியல் குவியலாகப் போட்டிருந்தார்கள். குனிந்து பறிப்பானேன்? ஒரு பை நிறைய அள்ளிக் கட்டிச் சமையலறை மூலையில் வைத்தேன். மறுநாள் அந்தச் சூட்டைக் கையால் தொட்டும், வேளைக்கு ஒரு பிடியாக முழுவதையும் போட்டுத் தீர்த்தேன்.

முகாம் முடிந்து அவர்கள் வந்தபோது பஞ்சு கல்லாய் விறைத்துக் கிடந்தது, வயிறு மத்தளம்போல் ஊதியிருந்தது.

"என்னடா போட்ட?"

"புல்லுதான்." இது பொய்யில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலையில அங்கிள் செடிக்கு மருந்தடிச்சாரு" என்றேன்.

அங்கிள் என்பது சாந்தியின் அப்பா. தேக்காச் சந்தையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அவருடைய மல்லிகைத் தொட்டிகள் எங்கள் செருப்பு அலமாரி வரை முன்னேறியிருந்ததால், அப்பா சண்டைக்கு ஒரு காரணத்துக்காகக் காத்திருந்தார். நான் கொடுத்துவிட்டேன்.

"பிள்ளைங்க ஆசையா வளக்குற ஜீவன்யா அது! விஷத்த அடிச்சிட்டு நிக்கிறீங்களே!"

"சோப்புத் தண்ணி லா அது! உங்க எலிக்கு வயிறு ஊதினா நானா பொறுப்பு?"

"எலி இல்லய்யா, கினிபிக்!" என்று அப்பா கர்ஜித்தார். பஞ்சுவுக்கு அவர் செய்த ஒரே மரியாதை அது.

சாந்தி வாசலில் அழுதுகொண்டே, "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு, மாலு" என்றாள். அக்கா கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து பேச்சில்லை, பள்ளிப் பேருந்தில் ஒருத்தி முதல் வரிசை, இன்னொருத்தி கடைசி வரிசை. ஒரே லிஃப்டில் ஏற நேர்ந்தால் இரண்டு குடும்பமும் மாடி எண்களை மும்முரமாகப் படித்தோம். மறு ஆண்டு அவர்கள் மார்சிலிங்குக்கு வீடு மாறினார்கள். சாமான்களை இறக்கிய நாளில்கூட அக்கா வெளியே வரவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

சில மாதங்களுக்கு முன் என் மகள் ஒரு கினிப்பன்றியை வாங்கிக்கொண்டு வந்து, கீழே இருக்கும் புல்லைப் போடலாமா என்று கேட்டாள். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாம் தெரிந்த தகப்பனாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தாராளமா போடலாம்மா. மருந்து அடிக்காத இடமா பாத்து, கையால பறிச்சு, உடனே போடணும். மெஷின் வெட்டிக் குவிச்சத அள்ளிப் பையில மட்டும் கட்டி வச்சிராத. மறுநாளே சுடும். அதத் தின்னா வயிறு ஊதிச் செத்துரும்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். "பையில சுடும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

படித்ததாகச் சொல்லியிருக்கலாம், வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவன்தானே நான். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

அக்கா, "சாந்தி எனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பினா. பின்னால 'நீ கண்டிப்பா வரணும் மாலு'ன்னு கையால எழுதியிருந்தா. நான் வேணும்னே போகல" என்றாள்.

எங்கள் பழைய அடுக்குமாடி ப்ளாக் இன்று இல்லை. சாந்தியின் அப்பாவும் போய்விட்டார் என்று கேள்வி. சாந்தி எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரிந்த யாருக்கும் தெரியவில்லை. நான் தேடித் தருகிறேன் என்றேன். "நீ ஒன்னும் கிழிக்க வேணாம்" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அவள் என் அழைப்பை எடுப்பதில்லை. முறையிட எனக்கு வாயில்லை. ஒரு தப்பும் செய்யாத சாந்தியோடு முப்பத்தைந்து வருடம் பேசாமல் இருந்தவள் அவள். செய்தவனான எனக்கு இப்போதுதான் நான்காவது மாதம் நடக்கிறது.