தசை உடையும்போது சத்தம் கேட்காது

கரவெட்டியில் கிணற்றுக்குள் விழுந்த ஒருவரைக் கயிற்றால் தூக்கிய மறுநாள், என்னால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. தொடைகள் வீங்கி இறுகியிருந்தன. சிறுநீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் போனது.

நான் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். என்னளவு பாரம் தூக்க எங்கள் பிரிவில் ஆளில்லை. கிணற்றில் ஆள் விழுந்த அன்று காலை, கால்களுக்கான கடும் பயிற்சியை முடித்த கையோடு அழைப்பு வந்தது. சித்திரை வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காமல், நண்பகல் தாண்டும்வரை கயிற்றோடு நின்றேன். அந்த மனிதர் உயிரோடு மேலே வந்தார்.

எண்ணெய் பூசினால் நோவு போய்விடும் என்றேன். மனைவி சுகந்தி கேட்கவில்லை, ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் சிறுநீரைப் பார்த்ததும் இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். பிறகு ராப்டோமயோலிசிஸ் (அளவுமீறிய உழைப்பால் தசைகள் உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைப்பது) என்றார். அடுத்த நாள் சிறுநீர் நின்றுபோனது. டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்கினார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதால் இதயம் நின்றுபோகலாம் என்று சுகந்தியிடம் வெளியே வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என் நெஞ்சில் கைவைத்தபடியே இருந்தாள். ஏனென்று எனக்கு அப்போது தெரியாது.

"நான் பலமான ஆள்தானே, டொக்டர்?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. உங்கடை உடம்பு பாரம் தூக்கப் பழகியிருக்கு. வெயில் தாங்க, கனநேரம் நிண்டுபிடிக்க, ஆறியிருக்க, ஒண்டுக்கும் பழகேல்லை."

சிறுநீரகம் பல வாரங்கள் கழித்தே மீண்டும் இயங்கியது. பிசியோதெரபிஸ்ட் (இயன்மருத்துவர்) முதலில் தரையிலிருந்து எழப் பழக்கினார். பிறகு நடை, மூச்சு, ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு கையில் மட்டும் வாளி சுமப்பது. எதையும் கொஞ்சங் கொஞ்சமாகவே கூட்ட விட்டார். ஓய்வையும் பயிற்சி என்றே சொன்னார். என்ன வேலை வரும் என்று தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பலம் மட்டும் போதாது. கடும் வேலைக்குப் பின் சிறுநீர் கறுத்தால், நோவு ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மீண்டும் வேலைக்குப் போனேன். இணுவிலில் சரிந்த மதிலுக்கடியில் ஒருவர் அகப்பட்டிருந்தார். கல்லைப் பிடித்ததும் என் தொடை இழுத்தது.

"நீங்கள் பிடியுங்கோ அண்ணை. என்னாலை ஏலாது" என்று பக்கத்தில் நின்ற சக வீரரிடம் சொல்லி விலகினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கல்லைப் பிடித்தார். சிக்கியவரை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் சுகந்தி, நோகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய்யில்லை. ஆனால் என் உடம்பு செய்தியைப் பிந்தித்தான் சொல்லும். இன்று எனக்கு என்ன நடந்தது என்பது நாளைதான் தெரியும்.