என் மாத்திரை எல்லோருக்கும் ஆனபோது

எழுமலை டாக்டரம்மா எங்கள் கம்பெனியின் சர்க்கரை மாத்திரையை எழுதுவதே என் பேச்சுக்காகத்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மாத்திரைக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. சுருக்கமாக, ரெப். மற்ற நாட்களில் கோரிப்பாளையம், காளவாசல் என்று நகரத்துக்குள்ளேயே சுற்றுவேன். புதன்கிழமை மட்டும் உசிலம்பட்டி தாண்டி எழுமலை. நோயாளிகள் எல்லோரையும் டாக்டரம்மா பார்த்து முடித்த பிறகுதான் ரெப்புக்கு முறை வரும். அதுவரை கிளினிக் பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

“டை எல்லாம் கட்டியிருக்கியே தம்பி, ஒனக்கு என்ன நோவு?” என்பார் பக்கத்து அம்மா.

“பேச்சு நிக்க மாட்டேங்குது ஆத்தா.”

“அதுக்கு ஊசி எதுவும் இல்லையாப்பா?”

உள்ளே போனால் டாக்டரம்மா பையைத் திறக்க விடமாட்டார். “மொதல்ல ஒரு ஜோக் சொல்லுங்க. மாத்திரை எங்க போயிரப்போகுது?”

மாத்திரை போகத்தான் போகிறது என்பது ஊருக்கே தெரியும். அதைக் கண்டுபிடித்த கம்பெனி எங்களுடையது. குறிப்பிட்ட வருஷங்களுக்கு வேறு யாரும் செய்து விற்கக்கூடாது என்று காப்புரிமை இருந்தது. அது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்தத் தேதி எனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தேதி தெரிந்திருந்த மாதிரி.

அது நெருங்க நெருங்க, கம்பெனி கொடுத்த பிபி கருவியை என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். செல்போனில் மேனேஜர் பெயர் வந்தால் மட்டும் ஏறியது. நல்ல கருவிதான்.

“வேலை போயிருமாங்க?” என்றாள் மனைவி.

“யாரு எழுதாட்டியும் எழுமலை டாக்டரம்மா எழுதுவாக. அவுக நம்ம ஆளு.”

காப்புரிமை முடிந்த பிறகு வந்த முதல் புதன்கிழமை, அந்தப் பெஞ்சில் எனக்கு உட்கார இடமில்லை. நோயாளிகளைவிட டை கட்டியவர்கள் அதிகம். எல்லார் பையிலும் என் மாத்திரை. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. அட்டையின் நிறமும் பெயரும்தான் வேறு. விலை எங்களுடையதில் சிறு பங்கு. அவர்களில் என்னோடு பல வருஷம் டீ குடித்த போட்டிக் கம்பெனிக்காரன் ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

“உக்காரு மாப்ள. இம்புட்டு வருசமா இது நல்ல மாத்திரைன்னு நீதான் ஊர் ஊராச் சொல்லி வச்சிருக்க. எங்களுக்குப் பேசுற வேலையே இல்ல.”

“கமிஷன் குடுப்பியா?”

“டீ வாங்கித் தாரேன்.”

உள்ளே போய், இருப்பதிலேயே நல்ல ஜோக்கைச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், “எங்கள மறந்துறாதீங்க மேடம்” என்று கேட்டும்விட்டேன்.

அவர் பேனாவை மூடினார். “உங்க மாத்திரைய நான் எழுதுனா, பாதிப் பேரு ஒரு அட்டைய வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவாங்க. தீந்ததும் வரமாட்டாங்க. காலு புண்ணான பெறகுதான் வருவாங்க. இப்ப இந்த வெலைக்கு தெனமும் சாப்பிடுறாங்க. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க.”

பையைத் திறந்தேன். டாக்டர்களிடம் காட்டும் வழவழப்பான அட்டையில் அந்த மருந்து எவ்வளவு நல்லது என்றுதான் போட்டிருந்தது. அது இப்போது வெளியே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் விளம்பரம்.

இப்போது நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் கால்சியம் மாத்திரை விற்கிறேன். டாக்டர்களை லிஃப்டுக்குள் பிடிக்க வேண்டும். மூன்றாவது மாடிக்குள் பேச்சை முடிக்க வேண்டும். அங்கே என் நோவு என்னவென்று விசாரிக்க ஆளில்லை. காளவாசல் சிக்னலில் உசிலம்பட்டி பஸ் பக்கத்தில் வந்து நின்றால், பச்சை விழுந்த பிறகும் வண்டியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அந்தப் பெஞ்சில் காத்திருந்தபோது சலித்துக்கொண்டவனும் நான்தான்.

காப்புரிமை போன பிறகு கம்பெனி கொஞ்ச நாள் விலையைக் குறைத்துப் பார்த்தது. பிறகு அந்த மாத்திரைக்கான ஆட்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றியது. என் வேலை போகவில்லை, எழுமலை போயிற்று. டாக்டரம்மா அந்த மருந்தை முன்பைவிட அதிகம் பேருக்கு எழுதுகிறார், எங்கள் பெயரில் அல்ல.