மாமாவின் நாடகத்தில் அப்பாவின் வசனம்

என் தாய்மாமனுக்கு நகைச்சுவை வராது. அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. பிள்ளைப்பாக்கத்தில் காணும் பொங்கலுக்கு அவர் எழுதிப் போடும் நாடகத்தில், திரை கிழிந்தால் மட்டும் ஜனங்கள் சிரிப்பார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷப் பொங்கலுக்கு முன்னால் அவருக்கு ஞானம் பிறந்தது. பட்டணத்துப் பழைய புத்தகக் கடையில் ஏதோ ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்திருந்தது. அமெரிக்காவில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள், தோற்ற ஆட்டக்காரன் அளக்கும் சாக்குகளை அவன் பேச்சிலேயே எழுதிவிடுவார்களாம். நாடகக்காரர்கள் அதை மேடையேற்றினால் கொட்டகையே குலுங்குமாம்.

"நாம ஒண்ணும் ஜோடிக்கவே வாணாம் பாப்பா. ஆளு பேசறத அப்டியே எழுதினா போதும்" என்றார் மாமா.

ஊரில் ஆட்டக்காரர் என்றால் என் அப்பாதான், கபடிக் குழுவின் தலைவர். அந்த மார்கழியில் வாலாஜாபாத்திடம் தோற்று வந்திருந்தார். கடைசியாகப் பாடிப் போனவர் அவரே. யாரையும் தொடாமல் திரும்பிவிட்டார். முட்டி பிசகிவிட்டது என்று டீக்கடையில் சொன்னார். மண் வழுக்கியது என்றார். நடுவரைத் திட்டினார். எட்டு வயதுக்காரியான நான் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போய் மாமாவிடம் கொட்டினேன். அவர் எழுத எழுத எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு நாள் அம்மா அந்த முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முட்டியெல்லாம் நல்லாத்தான்மே கீது. அவனுங்க நிக்கறத பாத்ததும் பயந்துட்டேன்."

அதையும் கொண்டுபோனேன். மாமா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து எழுதிவிட்டார். கீழே வைத்தாரே, அதற்காகவாவது அவரை மன்னிக்கலாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மனசு வரவில்லை.

நாடகத்தில் ஒவ்வொரு சாக்குக்கும் சிரிப்பு. அப்பாவும் தொடையைத் தட்டிச் சிரித்தார். கேலியைத் தாங்குகிற மனிதர்தான். கடைசியில், நொண்டிக்கொண்டு வந்த தலைவன், மனைவி வேஷக்காரனிடம் அந்த வார்த்தைகளைச் சொன்னான். ஊரே எழுந்து நின்று சிரித்தது. விசில் பறந்தது.

அப்பா சிரிக்கவில்லை. மாமாவையும் தேடவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். 'நான் இல்லை' என்று அம்மா தலையாட்டினாள். பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

அதன்பின் அவர் களத்தில் இறங்கவில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதெல்லாம் பிறகு. அப்போது, அதிகமாகக் கைதட்டல் வாங்கியது நான் கொண்டுவந்த வசனம் என்று அவருக்குத் தெரியட்டுமே என்று, பெஞ்சில் ஏறி நின்று அவரைப் பார்த்துக் கையாட்டினேன்.