பதினொரு மணிச் சங்கு

எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவின் முன்யோசனையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட முடியாது. பேசினால் அம்மா விடமாட்டார். எந்தக் கல்யாண வீட்டிலும், பந்தியில் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், அணைக்கட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவார். "எங்க மாமா மட்டும் அன்னைக்கு இல்லாட்டி எம்புள்ள இன்னைக்கு இல்ல" என்று இன்றும் முடிப்பார். அப்பாவின் அண்ணனைத்தான் அம்மா மாமா என்பார். அந்த மாமா எதிர்ப்பந்தியில் இருந்தால், தலையை நிமிர்த்தாமல் அப்பளத்தை வெகு மும்முரமாக நொறுக்கிக்கொண்டிருப்பார்.

பெரியப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம். அங்கே எல்லாவற்றுக்கும் சங்குதான். சங்கு என்றால் கோயில் சங்கு இல்லை, ஆலைக் கூரையிலிருந்து அலறுகிற சைரன். விடியுமுன், பேர் வாசித்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஒரு சங்கு, பகல் பன்னிரண்டுக்கு ஒரு சங்கு. பகல் சங்கு ஊதியும் தட்டின் முன்னால் உட்காராத பிள்ளைக்கு அன்று சோறு கிடையாது என்பது தாத்தா போட்ட சட்டம். தோட்டம் கைமாறி, பெரியப்பா ஈப்போவுக்கு வந்து பள்ளி வேன் ஓட்டத் தொடங்கிய பிறகும் அவருடைய வயிறு மட்டும் தோட்டத்தை விட்டு வரவில்லை. சங்கே இல்லாத ஊரில் மனுஷன் எப்படித்தான் வேளைக்குச் சாப்பிடுகிறானோ என்று அலுத்துக்கொள்வார்.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் எங்களைச் சுங்காய்ப் பக்கமிருந்த சின்ன அணைக்கட்டு ஒன்றுக்கு அழைத்துப் போனார். அப்பாவுக்கு ஓவர்டைம். எனவே பெரியப்பா, பெரியம்மா, அம்மா, அக்கா, நான். "அண்ணன் இருக்காரு, பயப்படாம போயிட்டு வா" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை வேனில் ஏறும்போது பெரியப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வழியில், தாப்பா ஊருக்கு முன்னால் சாலையோரத்தில், மரத்தடி முனியாண்டி கோயில் ஒன்று உண்டு. இறங்கி ஒரு சூடம் ஏத்திட்டுப் போலாம் என்று பெரியம்மா கெஞ்சினார். பெரியப்பா வண்டியை நிறுத்தாமல் ஹாரனை மட்டும் இரண்டு முறை அடித்தார். "அவருக்குக் கேட்டிருக்கும்லா" என்றார்.

அணைக்கு மேலே ஏரி. கரையில் நாசி லெமாக் கடை, ஐஸ் கச்சாங் கடை, அப்புறம் அன்னப்பறவை வடிவத்தில் மிதிபடகுகள். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பறவையைப் பார்த்த மாத்திரத்தில் அவள் உயிர் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பெரியப்பா அசையவில்லை. "காசும் குடுத்து, காலும் வலிக்க மிதிக்கணுமா? வீட்ல சைக்கிள் இருக்குலா, அதுல மிதி" என்றார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மாடி, அவள் கோபித்துக்கொண்டால் அரைநாள் போச்சு.

நாங்கள் அணைக்குக் கீழே இறங்கினோம். அங்கே ஆறு கணுக்காலளவுதான் ஓடியது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், நடுவில் யானை முதுகு போலப் பெரிய பெரிய பாறைகள். கரைமேட்டில் கூரை போட்ட கொட்டகையில் பெரியம்மா அடுப்பை மூட்டி, கோழிக் கறியை ஏற்றிவிட்டார். தன் ஈரக் கைலியைக் காயப்போட இடம் தேடி, வாகாக நின்றிருந்த ஒரு மஞ்சள் பலகைமேல் விரித்தார். அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அக்கா சிலிப்பரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், நட்டாற்றுப் பாறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

எனக்குப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் அப்போதுதான் மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாராவது மணி கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம். ஆற்றோரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் பெரியப்பா கையை நீட்டி, மணி பாரு என்றார். நான் சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் சரிபார்த்து, பதினொன்று என்றேன். சரியாகச் சொன்னேன் என்று அவர் பாராட்ட வாயெடுத்தபோது சங்கு ஊதியது.

எங்கிருந்து என்று தெரியவில்லை. மேலேயிருந்து, நீளமாக, மரங்களுக்கு மேலே அலறிக்கொண்டு வந்தது. பெரியப்பாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எத்தனையோ வருடம் கழித்துச் சொந்தக்காரர் குரலைக் கேட்ட மாதிரி. "இங்கிட்டு எண்ணெய் ஆலையில இன்னும் சங்கு ஊதுறான்லா! பன்னெண்டு!"

"பதினொண்ணு பெரியப்பா" என்றேன்.

"கடிகாரம் தப்பும், சங்கு தப்பாது" என்று சொல்லி, கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளைச் சுற்றிப் பன்னிரண்டில் நிறுத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சரியாகத்தான் பார்த்திருந்தேன்.

"சங்கு ஊதியாச்சு! எல்லாம் மேல ஏறுங்க, சாப்பிடலாம்!"

"சோறு இப்பத்தான் கொதிக்குது" என்று பெரியம்மா கத்தினார். வெந்தவரைக்கும் போதும் என்று பெரியப்பா பதிலுக்குக் கத்தினார். காலை நனைத்துக்கொண்டிருந்த அம்மா என்னை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். அக்கா மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விடுங்க மாமா, பசிச்சா தானா வருவா" என்றார் அம்மா.

விடுவாரா? சங்கு ஊதிய பிறகு ஒரு பிள்ளை வெளியே உட்கார்ந்திருப்பதைத் தோட்டத்து ரத்தம் பொறுக்குமா? காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். அக்கா பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சோறு வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கத்தினாள். பெரியப்பா அவளை விறகுக் கட்டைத் தூக்குவது போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அவள் அவர் முதுகில் தபதபவென்று குத்திக்கொண்டே வந்தாள். சிலிப்பர் பாறையிலேயே கிடந்தது. நானும் பெரியம்மாவும் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அவர் மேட்டில் கால் வைத்து அவளை இறக்கியபோது ஒரு சத்தம் கேட்டது. காற்று என்றுதான் நான் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தேத்தண்ணி நிறமாக மாறியது. இலையும் குச்சியும் நுரையுமாக ஒரே மூச்சில் ஆறு எழும்பி வந்தது. சிலிப்பர் முதலில் போயிற்று. அடுத்து பாறை போயிற்று. நாங்கள் கல் பொறுக்கிய இடம், அம்மா கால் நனைத்த இடம், எல்லாம் போயிற்று. அடுப்பில் கோழிக் கறி மட்டும் தன் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

அணையின் காவலாளி மோட்டார் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "செமுவா சுடா நாயிக்?" என்று, எல்லாரும் மேலே ஏறியாச்சா என மலாயில் கேட்டபடி எங்கள் தலைகளை எண்ணினார். எல்லாரும் ஏறிவிட்டோம் என்று தெரிந்ததும்தான் அவருக்கே உயிர் வந்தது. மலைமேல் மழையாம், ஏரி நிரம்பி மதகைத் திறக்க வேண்டியதாயிற்றாம், அதற்குத்தான் சைரனாம். சொல்லிக்கொண்டே பெரியம்மாவின் கைலியை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் பலகையைக் காட்டினார். சைரன் ஒலித்தால் உடனே கரையேறவும் என்று, படத்தோடு எழுதியிருந்தது. இப்போது அங்கே ஆளுயரத்துக்குக் கம்பி வேலியே போட்டிருக்கிறார்கள்.

அம்மா அக்காவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் பெரியப்பாவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா மாமா? நாங்க பயந்துருவோம்னுதான் சோறுன்னு சொன்னீங்களா?"

பெரியப்பா ஆற்றைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு, "ஆமாலா. சோறுன்னாத்தான ஓடியாருவீங்க" என்றார். காவலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பாகுஸ், அங்கிள்!" என்று மெச்சினார்.

சோறு வெந்ததும் இலை போட்டார்கள். உயிர் பிழைத்தவர்களின் பசி தனிப் பசி. அக்கா கோபத்தையெல்லாம் மறந்து மூன்று முறை போட்டுச் சாப்பிட்டாள். எங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்ட பெரியப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லி, தன் கோழிக்காலை அக்கா இலையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவள் அதில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு ஏக சந்தோஷம்.

திரும்பும் வழியில், தாப்பாவில் அக்காவுக்குப் புதுச் சிலிப்பர் வாங்கிக் கொடுத்தார், பேரம்கூடப் பேசாமல். அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்தில், ஒருவரும் கேட்காமலே, முனியாண்டி கோயிலில் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய், சட்டையோடு, அந்தச் செம்மண்ணில் குப்புற விழுந்து கும்பிட்டார். முழங்கால் வலி என்று தைப்பூசத்தன்றுகூடக் குனியாதவர். சூடம் ஏற்றிய பெரியம்மா அதைப் பார்த்துத் திகைத்து நின்றார். நெருப்பு அணைந்த பின்னும் பெரியப்பா எழவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

நீட்டியிருந்த கையில் கடிகாரம் தெரிந்தது. சாமி இருந்த சின்ன அறையின் சுவரிலும் ஒரு கடிகாரம் இருந்தது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். கோயிலில் நான்கு, பெரியப்பாவிடம் ஐந்து. எனக்குத் தாங்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் காதோடு சொன்னேன்: "பெரியப்பா, நான் சொன்ன மணிதான் சரி. அப்ப பதினொண்ணுதான்."

அவர் முகமெல்லாம் மண். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆமா கண்ணு, நீதான் சரி. பெரியப்பாதான் தப்பு" என்றார். சொல்லும்போதே அவர் உடம்பு குலுங்கியது. என் உச்சந்தலை நனைந்தது.

ஒரு மணி நேரம் தப்பாக வைத்ததற்குப் பெரியவர்கள் இவ்வளவு அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. பரவாயில்லை பெரியப்பா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லி, திருகை இழுத்து, முள்ளைச் சரியான மணிக்கு நானே திருப்பி வைத்தேன்.