எங்கள் வீட்டுப் பேச்சும் அண்ணனின் பாட்டும்

அண்ணனைப் பற்றி இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, எந்த மொழியில் எழுதுவது என்ற திகைப்புத்தான் எனக்கு முதலில் வந்தது. கிருஷ்ணகிரியில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கே இப்படி ஒரு திகைப்பா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அண்ணனும் நானும் ஒருநாளும் முழுத் தமிழில் பேசிக்கொண்டதில்லை. வருடத் திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் படிக்க வேண்டுமே என்றுதான் தமிழில் எழுதுகிறேன். அண்ணன் இதைப் படித்திருந்தால், "யாரு வூட்டுக் கதைம்மா இது?" என்று சிரித்திருப்பார்.

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையில் இறங்கி, வயல் வழியே உள்ளே நடக்க வேண்டிய ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அவருக்கு ஆறு வருடம் கழித்து நான். அப்பா வீட்டில் தெலுங்கு. அம்மா தளிக்கும் அந்தப் பக்கம், கன்னடம் பேசுகிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பள்ளிக்கூடத்தில் தமிழ். இந்த மூன்றையும் பிரித்துப் பேச வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. சாப்பிடக் கூப்பிடும்போது அம்மா, "ராவே, ஊட்டா மாடோணா, கொழம்பு ஆறிப்போவுது" என்பார். கூப்பிடுவது தெலுங்கில், சாப்பிடுவது கன்னடத்தில், குழம்பு மட்டும் தமிழில் ஆறும். இப்படித்தான் எங்கள் கோபம், கொஞ்சல், கணக்கு வழக்கு எல்லாமே நடந்தன. "அண்ணா" என்ற சொல் மட்டும் மூன்று மொழிக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. அதனால் அண்ணனைக் கூப்பிடும்போது மட்டும் நான் எந்த மொழியில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். ராகியும் அவரைக்காயும் விளைந்த கொஞ்சம் நிலம்தான் எங்களுக்கு. படிப்பை முடித்த கையோடு அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் கடைசல் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் சம்பளம் வாங்கிய அன்று அம்மாவுக்குப் புடவை எடுப்பார் என்று நினைத்தோம். அவர் பஜனைக்கென்று ஒரு ஜோடி ஜால்ரா வாங்கிவந்தார். அம்மா திட்டவில்லை. வாங்கித் தட்டிப் பார்த்து, "சத்தம் நல்லா நிக்கிது" என்றார்.

பாட்டு அவருக்கு அம்மாவிடமிருந்து வந்தது. புரட்டாசி சனிக்கிழமையில் மாவிளக்கு ஏற்றிவிட்டு அம்மா பெருமாளை அழைத்து ஒரு பாட்டுப் பாடுவார். அது வேறு எங்கும் நான் கேட்காத பாட்டு. அம்மாவே கட்டியதா, அவருக்கு முன்னால் யாராவது கட்டியதா, தெரியாது. அதன் பல்லவி இதுதான்:

கொண்ட திகி ரா,
கெரெ தாட்டி பா,
எங்க வாசலுக்கு வா.

மலை இறங்கி வா என்பது தெலுங்கில். ஏரி தாண்டி வா என்பது கன்னடத்தில். வாசலுக்கு வந்ததும் தமிழ். சிறுவயதில் நான் அம்மாவிடம், "சாமிக்கு எந்த பாஷைம்மா தெரியும்?" என்று கேட்டிருக்கிறேன். "எல்லாந் தெரியும். நமக்குத்தான் ஒண்ணுல சொன்னா போதல" என்றார் அம்மா.

ஓசூரில் அண்ணன் குடியிருந்த காலனியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் உண்டு. அங்கே சனிக்கிழமை பஜனைக்கு வந்தவர்கள் எல்லோரும் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள்தான். திருநெல்வேலி, திண்டுக்கல், திருவண்ணாமலை என்று ஆளுக்கொரு ஊர். அவர்களுக்கு நடுவே அண்ணன் இந்தப் பாட்டை எடுத்துப் பாடினால், முதல் இரண்டு வரிகளை அவர் மட்டும் பாடுவார். மூன்றாவது வரியில் கோயிலே சேர்ந்து "வா" என்று அழைக்கும். ஷிப்டு முடிந்து எண்ணெய்க் கறை போகாத கையோடு வந்து உட்கார்ந்து பாடிய அந்தக் குரலை உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கரகரப்பான குரல். மேலே போகும்போது மட்டும் அந்தக் கரகரப்பு எங்கோ போய்விடும்.

ஒரு வருடம் தண்ணீர்ப் பிரச்சினையில் எல்லையில் பேருந்துகள் நின்றுபோயின. ஊரெங்கும் பேச்சு சூடாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை பஜனைக்கு வந்த ஒருவர், "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாரம் மட்டும் அந்தக் கன்னட வரிய விட்டுட்டுப் பாடிருங்க" என்றார். அண்ணன் சண்டை போடவில்லை. "ஒரு வரிய எடுத்துட்டா அது எங்கம்மா பாட்டு இல்லீங்க. நான் வேற பாட்டு பாடறேன்" என்று சொல்லி வேறொன்றைப் பாடினார். வீட்டுக்குப் போய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அம்மாவ வாசல்லயே நிக்க வெச்சிட்டு வந்த மாதிரி இருக்குதும்மா" என்றார். அடுத்த சனிக்கிழமை அந்த மனிதரே வந்து, "அது இல்லாம நல்லாவே இல்ல சார், பாடுங்க" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அண்ணன் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்றும் என்னால் கேட்க முடிகிறது.

எனக்குச் சேலத்துப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தவரும் அண்ணன்தான். என் கணவர் வீட்டில் தமிழ் மட்டும். அண்ணியும் தர்மபுரிப் பக்கம், அவருக்கும் தமிழ்தான். அம்மா போன பிறகு எங்கள் வீட்டுப் பேச்சைப் பேச உலகத்திலேயே இரண்டு பேர்தான் மிச்சம், அண்ணனும் நானும். ஒவ்வொரு நாள் மாலையும் அவர் என்னை அழைப்பார். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. தளிப் பக்கம் பனி ஜாஸ்தி, கோஸ் விலை இறங்கிவிட்டது, அண்ணிக்கு முழங்கால் வலி, இப்படி. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் நான் ஆசிரியையும் இல்லை, மருமகளும் இல்லை. மூன்று மொழியும் ஒன்றாய்க் கிடந்த அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அந்தக் கரகரப்பு கூடியது. பனி என்றார், தூசி என்றார். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பார்த்தபோது குரல்வளையில் கட்டி என்றும், குரல்வளையையே முழுவதுமாக எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றும் சொன்னார்கள். குரல் போய்விடும். அண்ணன் முடியாது என்றுவிட்டார். அண்ணி அழுதும் கேட்கவில்லை. நான் ஓசூருக்கு ஓடினேன்.

"பாட்டு போனப்பறம் இருந்து என்னா பண்றது?" என்றார் அண்ணன்.

"நீ போயிட்டா எனக்குப் பாட்டு மட்டுமா போவும்? பேச்சே போயிடும்ணா. நான் யாருகூடப் பேசுவேன்?"

"என்னாலதான் பேச முடியாதேம்மா."

"நான் பேசறேன். நீ கேளு. கேக்க ஆளிருந்தாப் போதும் எனக்கு."

 அவர் அண்ணியைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிக்குத் துணியெல்லாம் எடுத்து வெய்யி" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய சனிக்கிழமை பஜனையில் அவர் யாரையும் பாட விடவில்லை. தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே பாடினார். அறுவை சிகிச்சைக்கு உள்ளே அழைத்துப் போகும்போது, கடைசியாக அந்தக் குரலில் என்ன சொல்லப்போகிறாரோ என்று நாங்கள் எல்லோரும் காத்து நின்றோம். அவர் என்னைப் பார்த்து, "அண்ணிக்கு ஒரு காப்பி வாங்கிக் குடு, காலையிலருந்து ஒண்ணும் குடிக்கல" என்றார். அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது.

அதன் பிறகு மாலை அழைப்பை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணி தொலைபேசியை அவர் காதில் வைப்பார். நான் பேசுவேன். ஆமாம் என்றால் மோதிரத்தால் தொலைபேசியை ஒரு தட்டு தட்டுவார், இல்லை என்றால் இரண்டு தட்டு. செல்போனில் எழுதி அனுப்பவும் முயன்று பார்த்தார். எங்கள் பேச்சு எழுத்தில் உட்காரவில்லை. நான் வேண்டுமென்றே ஒரு கன்னடச் சொல்லைத் தப்பாகச் சொல்வேன். உடனே கோபமாகப் படபடவென்று தட்டுவார். பிறகு, மூச்சுவிடுவதற்காக மருத்துவர்கள் கழுத்தில் போட்டிருந்த துளை வழியே மூச்சு விட்டுவிட்டு வரும் ஓசை கேட்கும். அது அவர் சிரிப்பு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று.

அந்தப் புரட்டாசியில் பஜனைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். அண்ணன் கழுத்தில் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, ஜால்ராவோடு தமது இடத்தில் உட்கார்ந்திருந்தார். பெருமாளை அழைக்கிற நேரம் வந்தது. எல்லோரும் தயங்கினார்கள். அண்ணனோடு வேலை பார்த்த திருநெல்வேலி நண்பர் என் பக்கம் திரும்பி, "ஏ தங்கச்சி, நீங்க பாடுங்கம்மா. எங்க வாயில அந்த வரி ரெண்டும் நொழைய மாட்டேங்கு" என்றார்.

நான் வகுப்பில் செய்யுளை ராகம் போட்டுச் சொன்னதோடு சரி. கோயிலில் நாலு பேர் முன்னால் பாடியதில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் ஜால்ராவைக் கையில் எடுத்துவிட்டார்.

ஆரம்பித்தேன். சுருதி எங்கோ மேலே போய் நின்றது. அண்ணன் தலையை ஆட்டினார், கையால் கீழே இறங்கச் சொன்னார். இறங்கி மறுபடி எடுத்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் மனம் வெறுமையாகிவிட்டது. அம்மாவின் வாயிலிருந்து நூறு முறை கேட்ட அந்த மூன்று சொற்கள் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பாடினேன். மூன்றாவது வரியில் கோயிலே சேர்ந்துகொண்டது. சரணம் முழுவதும் அவர் உதட்டைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஓர் இடத்தில் நான் அவசரப்பட்டேன். அவர் ஜால்ராவை மெல்லத் தட்டி என்னை இழுத்துப் பிடித்தார். பாட்டு முடிந்ததும் பாராட்டுவார் என்று பார்த்தால், விரலைக் காட்டி இன்னொரு முறை பாடச் சொன்னார். இரண்டாம் முறை எனக்குச் சொல் எதுவும் மறக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார்.

அடுத்த கோடையில் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. இனி மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று சைகையால் சொல்லிவிட்டார். நான் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசினேன். அப்பாவின் நிலம், அம்மாவின் ராகிக் களி, எங்கள் ஊர் பேருந்துக் கூரையில் ஏறிய பூக்கூடைகள், எல்லாம் எங்கள் பேச்சிலேயே. அவர் என் கையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலைப்பொழுதில், அண்ணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அந்தத் தட்டல் நின்றது.

அண்ணன் யாரையும் கடிந்து பேசி நாங்கள் கேட்டதில்லை. வேலை செய்த இடத்திலும் காலனியிலும் எந்த ஊர்க்காரர் வந்தாலும் அவர் பேச்சில் இரண்டு சொல்லாவது பேசித்தான் வரவேற்பார். பெரிய பதவியோ சொத்தோ அவருக்கு இல்லை. அவர் போன பிறகுதான் அவர் எவ்வளவு இடத்தை நிரப்பியிருந்தார் என்று தெரிகிறது. மாலையானால் என் கை தானாகத் தொலைபேசியைத் தேடுகிறது.

இந்த வேளையில் சிலருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கழுத்துத் துளையைத் துடைத்துச் சுத்தம் செய்வதை முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டு கடைசி நாள் வரை செய்த அண்ணிக்கு. இரவுப் பணி முடித்துத் தூங்காமல் அப்பாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போய்வந்த அண்ணன் மகனுக்கு. தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்ன செவிலியர்களுக்கு. பஜனை நண்பர்களுக்கு, அக்கம்பக்கத்து வீட்டாருக்கு, தளிப் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து வந்து அழுத உறவினர்களுக்கு. எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

கடைசியாக என் கணவருக்கு. திருமணமான நாள் முதல் நானும் அண்ணனும் பேசுவதைக் கூடத்தில் செய்தித்தாள் படித்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட அவர் பேசியதில்லை. காரியமெல்லாம் முடிந்து கிருஷ்ணகிரிக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் நீள்ளு பேக்கு" என்றார்.

தண்ணீர் தெலுங்கு. வேண்டும் என்பது கன்னடம். கொஞ்சம் தமிழ்.

நான் செம்போடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் பதறிப்போய், "தப்பா சொல்லிட்டனா? ரெண்டையும் கலந்துட்டனா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எங்க வூட்ல அப்படித்தான் சொல்லுவோம்" என்றேன்.