ஞாயிறு ஐந்தரை மணிக்கு ஏறிய கோடு

கடலூரில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில், லேப்பில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் எங்கள் எல்லோருக்கும் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தார்கள். நாடித்துடிப்பு, தூக்கம், மன அழுத்தம் எல்லாவற்றையும் அது போனில் கோடு போட்டுக் காட்டும். அழுத்தம் அதிகமென்றால் புதன்கிழமை யோகா வகுப்பில் பாய் விரித்தாக வேண்டும். முதல் வாரமே மாட்டிக்கொண்டேன்.

வேலை ஒன்றும் என்னைப் படுத்தவில்லை. என் நான்கு வயது மகள் சிதம்பரத்தில் என் கணவரோடு இருக்கிறாள். காலை ஆறு மணி ஷிப்டுக்காக நான் இங்கேயே திருப்பாதிரிப்புலியூரில் அறை எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்குப் போக முடியும்.

"கண்ண மூடி, மனசுக்குப் புடிச்ச எடத்த நெனைங்க" என்றார் யோகா டீச்சர். வீட்டை நினைத்தேன். குளித்த ஈரத்தோடு மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். நாடி எகிறி வாட்ச் அதிர்ந்தது. பக்கத்துப் பாயில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, படுத்துக்கிட்டே ஓடுறீங்களா?" என்றாள். சிரித்து வைத்தேன். அழுகைதான் வந்தது.

ஒரு ஞாயிறு காலையிலேயே மகள் அந்த வாட்சைக் கையில் மாட்டிக்கொண்டாள். நான் கிளம்பும்போது தரவே மாட்டேன் என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வழியில் கணவருக்குப் போன் போட்டேன்.

"நீ தெருமுனை தாண்டல, டிவி முன்னாடி உக்காந்துட்டா. கவலப்படாம போ."

வாராவாரம் இதையேதான் சொல்வார். நிம்மதியாக இருக்கும். என்னைத் தேடவே இல்லையா என்று கொஞ்சம் கோபமும் வரும்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போய் வாட்சை சார்ஜில் போட்டேன். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் என் போனில் கொட்டியது. ஞாயிறு ஐந்தரை, நான் கிளம்பிய நேரம். அங்கே ஏறிய கோடு எட்டு மணி வரை இறங்கவே இல்லை. குழந்தைகளுக்கு நாடி வேகமாகத்தான் அடிக்கும், தெரியும். ஆனால் மத்தியானம் அவள் வீடு முழுக்க ஓடியபோதுகூட அவ்வளவு உயரம் போகவில்லை.

போனைக் கணவரிடம் நீட்டினேன்.

"எல்லா ஞாயித்துக்கெழமையும் இப்படித்தானா?"

"ஆமா. கதவப் புடிச்சிக்கிட்டே நிப்பா. தூக்குனா ஜாஸ்தியா அழுவா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பஸ் ஏறுவியா?"

மறுநாள் ஞாயிறு. ஏறத்தான் செய்தேன்.