கடைசி இடத்துக்கு ஒரு சீட்டு

போன வாரம் அக்கா மகன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். அவன் கம்பெனியில் எல்லோரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தப் போகிறார்களாம். கடைசியில் வருகிறவருக்கு டாட்டா!

"இது புது மெனேஜ்மென்ட் முறை மாமா. உங்களுக்கு விளங்காது."

விளங்காதா? நான் சிரித்த சிரிப்பில் அவன் போனை வைத்துவிட்டான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். கிளாக்கர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தோட்டத்தை நடத்தும் துரைக்கும் டைப்ரைட்டருக்கும் நடுவே பொருத்தப்பட்ட ஓர் உதிரிப் பாகம், அவ்வளவுதான். என்னைவிட டைப்ரைட்டருக்குத்தான் அடிக்கடி எண்ணெய் போட்டார்கள்.

அந்த வருஷங்களில் தோட்டத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சில குடும்பங்கள் இந்தியாவுக்குப் பெட்டி கட்டின. இளவட்டங்கள் கொத்மலை அணைக்கட்டு வேலைக்கு லொறி ஏறினார்கள். வேலைக்கு முன் எல்லோரும் கூடும் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடிக்க முன்பெல்லாம் அரை மணி நேரம் பிடிக்கும். இப்போது கணக்கப்பிள்ளை ஒரு பீடி பற்றவைத்து அணைப்பதற்குள் முடிந்துவிடும்.

தலைமை அலுவலகம் யோசித்தது. ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்... என்ன செய்யலாம்? மிச்சமிருப்பவர்களில் கடைசி ஆளையும் அனுப்பிவிடலாம்!

சுற்றறிக்கை வந்தது. கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு கேங்கிலும் மாத முடிவில் எடைப்படி வரிசை போட வேண்டும். ஒரே பெயர் தொடர்ந்து மூன்று மாதம் கடைசியில் நின்றால், அந்த ஆளுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம்.

பாக்கியம் என்ற பெண்ணின் கேங்கில் அவரோடு சேர்த்து இருபத்திரண்டு பெண்கள். முதல் மாதம் கடைசி யார்? செபமாலை. இரண்டாம் மாதம்? அதே செபமாலை. பட்டியலை டைப் அடித்தவன் நான்தான். இன்னும் ஒரு மாதம்... அவ்வளவுதான். கணவர் இங்கே ஃபெக்டரியில், இரண்டு பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில், செபமாலை மட்டும் கொத்மலைக்கு அப்பால்.

செபமாலைக்குக் கையில் ஒரு குறையும் இல்லை. வாய்தான் காரணம். கணக்கப்பிள்ளை தும்முவது எப்படி, பூசையில் உபதேசியார் தூங்கி விழுந்தது எப்படி, துரையின் நாய் துரையைப் போலவே நடப்பது எப்படி... சொல்வதோடு நிற்க மாட்டார், நடித்தும் காட்டுவார். நடிக்க இரண்டு கையும் வேண்டுமே! அதுவரை கொழுந்து காத்திருக்க வேண்டியதுதான். மற்ற இருபத்தொரு பேரின் கைகளோ, சிரிக்கச் சிரிக்க ஓடும். மற்ற எல்லா கேங்கிலிருந்தும் ஆள் போனது. இந்த கேங்கிலிருந்து மட்டும் ஒருவர்கூடப் போகவில்லை. சுற்றறிக்கையில் இதற்கு ஒரு கட்டம் இருந்ததா? இல்லை. சிரிப்பை நிறுக்க எந்தக் கம்பெனி தராசு வைத்திருக்கிறது?

மூன்றாம் மாதம், நிறுவையின்போது சாட்சியாக நிற்கும்படி துரை என்னை அனுப்பினார். முதல் நாளே செபமாலையின் கொழுந்து தராசில் ஏறியது. முள் நகர்ந்தது... நகர்ந்தது... நகர்ந்துகொண்டே இருந்தது.

"என்ன செபமாலை, இன்னைக்கு மட்டும் எப்புடி?"

"வாய மூடிக்கிட்டுப் பறிச்சேங்க ஐயா."

கேங்கே வெடித்துச் சிரித்தது. ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவளாவது வாய மூடுறதாவது! தேயிலச் செடியே பயந்துருங்க ஐயா!"

அடுத்து பாக்கியம். வருஷக்கணக்காக அந்தத் தேயிலை மலையில் முதல் ஆள். அன்றைக்குப் பார்த்தால் கொழுந்து கூடையின் அடியில் கிடந்தது.

"ஒடம்புக்கு முடியலியா பாக்கியம்?"

"நல்லாத்தாங்க இருக்கேன். இந்த மாசம் கடேசி எனக்கு விழுந்திருக்கு."

"விழுந்திருக்கா?"

"சீட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை லயத்து வீடுகளின் வாசலில் இருபத்திரண்டு பெயரையும் எழுதி, பால்மா டின்னில் போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். வழக்கமாகச் சீட்டு விழுந்தால் கையில் காசு வரும். இதில் கடைசி இடம் வரும். விழுந்தவர் பறித்ததில் பெரும்பகுதி, தராசுக்கு வரும் முன்னே மற்றவர்கள் கூடைக்குப் போய்விடும்.

"ஒரே ஆளு மூணு மாசம் வந்தாத்தானே மாத்துவாங்க? எங்க சீட்டு ஒரு சுத்து வாறதுக்கே ரெண்டு வருசம் ஆகும்ங்க. அதுக்குள்ள இந்தக் கடுதாசி போட்ட பெரிய தொரை எங்கன இருப்பாரோ!" என்றார் பாக்கியம்.

நான் சாட்சி அல்லவா? முள் காட்டியதை முத்து முத்தாக எழுதினேன்.

மாத முடிவில்தான் சிக்கல். கடைசியில் பாக்கியம், சரி. ஆனால் செபமாலையைக் காப்பாற்றும் வேகத்தில் ஆளாளுக்கு அள்ளிக் கொட்டியதில், அவர் முதலாம் இடத்தில் போய் நின்றார்! மறைத்துச் செய்கிற காரியத்திலும் இவர்களுக்குக் கை தாராளம்.

துரை கண்டிப்பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிளாக்கர், தராசு பழுதா?"

"இல்ல சேர்."

"அப்ப நீங்க பழுதா?"

ரகசியம் காப்பதில் நான் ஒரு கேள்விவரை உறுதியானவன். இரண்டாவதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: டின், சீட்டு, கூடை, கொத்மலை, அந்த இரண்டு பிள்ளைகள்... சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு குடும்பத்தை நான் இரண்டாகப் பிரித்திருக்கிறேன்!

துரை பட்டியலைத் திரும்பவும் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

"அனுப்புங்க."

அந்த ஒரு கையெழுத்தில் செபமாலை தன் லயத்திலேயே தங்கிவிட்டார். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். துரை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கிளாக்கர், எல்லாத் தோட்டத்துத் தொரைமாருக்கும் இப்ப வரிசை இருக்கு. ரெண்டு தடவையா நான்தான் கடைசி." குரல் இன்னும் இறங்கியது. "இந்தச் சீட்டு... தொரைமாருக்குள்ள போட ஏலுமா? பாக்கியத்துக்கிட்டக் கேட்டுப் பாருங்க. என் பேர் சொல்ல வேணாம்."

மறுநாள் மலைக்குப் போனேன். பெயர் சொல்லாமல்தான் கேட்டேன். பாக்கியத்தின் கை நிற்கவே இல்லை.

"சீட்டு எழுதிக் குலுக்குறது லேசுங்க ஐயா. ஒரு தொரை கூடையில இன்னொரு தொரை கொழுந்து அள்ளிப் போடுவாரான்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க."

அதைப் போய் யாரிடம் கேட்பது? நேரே ஒபிஸுக்கு வந்தேன்.

"ஏலாதாம், சேர்."